பக்கத்து வீட்டு யோசனை

உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். ரிட்டையர்டு போஸ்ட் மாஸ்டராகவோ, பேங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கியவராகவோ இருக்கலாம். 'சார், ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேங்கிறார். என்ன பண்றது?' என்று கேட்டால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'அக்ரிமென்ட்டைக் கொண்டு வாங்க, பார்ப்போம்' என்பார்.

அதே தெருவில் இன்னொருவரும் இருப்பார். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள், 'அதெல்லாம் வராது சார். என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு. விட்டுத் தள்ளுங்க!' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

இரண்டுமே யோசனைதான். இரண்டுமே இலவசம்தான். இரண்டுமே நல்ல மனசோடு சொல்லப்படுவதுதான். ஆனால்...

அந்த 'ஆனால்' எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள, நாம் 1939-ம் வருடத்து லண்டனுக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும். செப்டம்பர் மாதம், முதல் வாரம். அந்த ஒரே வாரத்தில், ஒரே நகரத்தில், இந்த இரண்டு வகை யோசனைகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தன. ஒன்று, லட்சக்கணக்கான உயிர்களை வாங்கியது. இன்னொன்று, தலைசுற்றிப் போயிருந்த குடும்பங்களைக் கைப்பிடித்துத் தூக்கி நிறுத்தியது.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அன்றே லண்டன் முதலான பெரிய நகரங்களிலிருந்து குழந்தைகளை ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றே நாளில் குழந்தைகள், தாய்மார்கள், டீச்சர்கள் என்று சுமார் 15 லட்சம் பேர் ஊரைக் காலி செய்தார்கள். இரவில் ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் தெரியக்கூடாது. தெருவிளக்குகளும் அணைந்தன.

செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை காலை 11.15 மணி. பிரதமர் சேம்பர்லின் ரேடியோவில் பேசினார். ஜெர்மனியுடன் யுத்தம் தொடங்கிவிட்டது என்று அவர் சொல்லி முடித்த சில நிமிடங்களில், லண்டன் முழுக்க அபாயச் சங்கு! ஜனங்கள் அலறியடித்துக்கொண்டு பதுங்கு இடங்களுக்கு ஓடினார்கள். நல்லவேளை, அது தப்பான அலாரம்.

அந்தப் பயத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. யுத்தம் அறிவித்த மறு நிமிடமே வானத்திலிருந்து குண்டும் விஷ வாயுவும் கொட்டும் என்றுதான் அரசாங்கமும் நிபுணர்களும் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். கிட்டத்தட்ட 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள் மக்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. கைக்குழந்தைகளுக்குக்கூடத் தனி முகமூடி உண்டு.

நாய்க்கு? பூனைக்கு? ம்ஹூம்.

பொதுப் பதுங்கு இடங்களில் பிராணிகளுக்கு அனுமதி கிடையாது. குழந்தைகள் போன ரயிலிலும் அவற்றுக்கு இடமில்லை. கணவன் பட்டாளத்துக்கு, குழந்தை கிராமத்துக்கு என்று குடும்பமே நாலு திசையில் சிதறுகிறது. மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும் அந்தப் பூனையை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு ஒரு 'ரெடிமேட்' பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது!

உள்துறை ஆதரவில் விமானத் தாக்குதல் காலப் பிராணிகள் பாதுகாப்புக்கென்று ஒரு கமிட்டி அமைக்கப்பட்டிருந்தது. 'நார்பேக்' என்பது அதன் சுருக்கப் பெயர். பிராணிகளை வளர்ப்பவர்களுக்கு யோசனை சொல்லி அது ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டது. முடிந்தால் முன்கூட்டியே பிராணிகளைக் கிராமப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றது. இதுவரை சரி. அடுத்த வரிதான் வினை. அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைக்க வழியில்லை என்றால், அவற்றைக் கொன்றுவிடுவதுதான் உண்மையான கருணை என்று அர்த்தம் வரும்படி எழுதியிருந்தார்கள். அதே பிரசுரத்தில், பிராணிகளை வலிக்காமல் கொல்லும் துப்பாக்கி ஒன்றுக்கு விளம்பரம் வேறு!

இந்த யோசனை பேப்பரில் வந்தது. ரேடியோவிலும் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். இது சட்டமில்லை. உத்தரவும் இல்லை. மீறினால் அபராதம், ஜெயில் என்றெல்லாம் எதுவும் கிடையாது. வெறும் யோசனை. அவ்வளவுதான்.

ஆனால், அந்த வார லண்டனைக் கற்பனை செய்து பாருங்கள். கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் ஒரு க்யூ. ஒருவர் கையில் கூடை, உள்ளே பூனை. ஒருவர் கையில் கயிறு, மறுமுனையில் வாலாட்டும் நாய். அந்த வழியாகப் போகிற ஒருவருக்கு என்ன தோன்றும்? 'எல்லோரும் செய்யறாங்களே... நாம மட்டும் செய்யாம இருந்தா, நாளைக்கு விஷ வாயுவுல அது துடிதுடிச்சுச் சாகுமே' என்று தோன்றாதா? அச்சடித்த காகிதம் பத்துப் பேரை அனுப்பியிருந்தால், க்யூவே மிச்சம் நூறு பேரை இழுத்திருக்கும்.

ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பதற்காக 1917-ல் மரியா டிக்கின் என்ற பெண்மணி தொடங்கிய 'பி.டி.எஸ்.ஏ.' என்ற அமைப்பு லண்டனில் இருந்தது. பிழைக்க வைப்பதற்காகத் திறந்த அதன் ஆஸ்பத்திரி வாசல்களிலேயே, சாகடிக்கச் சொல்லி ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நாய்கள் நலச் சங்கம் ஒன்றில் குளோரோஃபார்ம் கையிருப்பே தீர்ந்துபோனது!

எத்தனை பிராணிகள்? ஹில்டா கீன் என்ற வரலாற்று ஆய்வாளர் 2017-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். லண்டனில் மட்டும், நாலே நாளில், 4 லட்சம் நாய்களும் பூனைகளும் என்பது அதில் உள்ள கணக்கு. நகரத்தில் இருந்தவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நாடு முழுக்க ஒரே வாரத்தில் ஏழரை லட்சம் என்று இன்னொரு மதிப்பீடும் உண்டு.

கொன்றவர்கள் யாரும் கொடூரமானவர்கள் இல்லை. தங்கள் தட்டிலிருந்து எடுத்துப் போட்டு வளர்த்தவர்கள். பாசத்தினால்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் இதில் மனதை உலுக்கும் விஷயம்.

சரி, குண்டு எப்போது விழுந்தது?

அந்த வாரம் விழவில்லை. அந்த மாதமும் இல்லை. அந்த வருடமே இல்லை! லண்டன் மீது ஜெர்மனியின் பெருந்தாக்குதல் ஆரம்பித்தது 1940, செப்டம்பர் 7-ம் தேதி. முழுசாக ஒரு வருடம் கழித்து. விஷ வாயு? யுத்தம் முடிகிறவரை பிரிட்டன் மீது அது வீசப்படவே இல்லை.

'முடியாது' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பாட்டர்ஸீ என்ற இடத்தில் இருந்த புகழ்பெற்ற நாய்கள் காப்பகம், கூட்டம் கூட்டமாகக் கொல்வதை எதிர்த்தது. அந்த யுத்த காலத்தில் 1,45,000 நாய்களுக்கு அது சோறு போட்டுப் பராமரித்தது. ஹாமில்டன் சீமாட்டி என்பவர், தன்னுடைய கிராமத்து எஸ்டேட்டைத் திறந்துவிட்டு, நூற்றுக்கணக்கான பிராணிகளை அங்கே கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார். 'வேற வழியே இல்லை' என்று லண்டன் நம்பிக்கொண்டிருந்தபோது, வழி இருந்துகொண்டுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை!

இதை ஏதோ வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு மீதும் விசாகப்பட்டினம் மீதும் குண்டு போட்டபோது, நம்ம சென்னை நடுங்கியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தார்கள். அப்போது மிருகக்காட்சி சாலை, மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. கூண்டில் குண்டு விழுந்து சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிட்டால்..? போலீஸை வைத்து, கூண்டுக்குள்ளேயே அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து ஒரு சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சென்னையின் கதை முடிந்தது.

இனி, லண்டனின் இன்னொரு க்யூவுக்கு வருவோம்.

செப்டம்பர் 4, திங்கட்கிழமை. யுத்தம் அறிவிக்கப்பட்ட மறுநாள். பிரிட்டனில் 200 இடங்களில் 'குடிமக்கள் ஆலோசனை மையம்' என்ற போர்டு தொங்கியது. மையம் என்றதும் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்ச்சை ஒட்டிய ஒரு ஹால், ஒரு காபிக் கடையின் மூலை, சில ஊர்களில் யாரோ ஒருவர் வீட்டு முன்னறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கொஞ்சம் ஃபைல்கள்.

யுத்தம் வந்தால் மக்களுக்கு குண்டடியைவிடக் குழப்படிதான் அதிகமாக இருக்கும் என்று முன்கூட்டியே யூகித்தது சமூக சேவைக்கான தேசிய கவுன்சில் என்ற தொண்டு அமைப்பு. 1938-லேயே இதற்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆட்கள். உதாரணமாக, உள்ளூர் பேங்க் மானேஜர். சுருக்கமாகச் சொன்னால், நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த மூக்குக்கண்ணாடிக்காரர்!

என்ன மாதிரிக் கேள்விகள் வந்திருக்கும்? அன்றைய சட்டங்களைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஒரு குடும்பத்தலைவிக்கு வரும் சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனைப் பட்டாளத்துக்கு அழைத்துவிட்டார்கள். 18 முதல் 41 வயது வரை ஆண்கள் போயாக வேண்டும் என்று யுத்தம் அறிவித்த அன்றே சட்டம் வந்துவிட்டது. தொழிற்சாலைச் சம்பளம் போய், சிப்பாய்ச் சம்பளம். வீட்டில் சோபா, தையல் மெஷின் எல்லாம் இன்ஸ்டால்மென்ட்டில் வாங்கியது. பாதிப் பணம் கட்டியாகிவிட்டது. இரண்டு தவணை தவறியதும் கடைக்காரரின் ஆள் வாசலில் நிற்கிறான், 'பொருளைத் தூக்கப் போறேன்' என்று.

'தூக்கத்தான் செய்வாங்க. கடன் கட்டலைன்னா விடுவாங்களா?' இது இரண்டாவது வகைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பதில்.

மேஜைக்காரர் என்ன கேட்பார்? 'மொத்த விலை என்ன? இதுவரைக்கும் எவ்வளவு கட்டியிருக்கீங்க? ரசீது இருக்கா?'

ஏன் தெரியுமா? 1938-ல் எல்லன் வில்கின்சன் என்ற பெண் எம்.பி. கொண்டுவந்த ஒரு சட்டம் இருந்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமல் கடைக்காரர் அந்தப் பொருளைத் தூக்க முடியாது. போதாததற்கு, 1939 செப்டம்பர் 1-ம் தேதியே அவசர காலச் சட்டம் ஒன்றும் வந்திருந்தது. யுத்தத்தினால் பணம் கட்ட முடியாமல் போனவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமானால், முதலில் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் குடும்பத்தலைவி வாசலில் நிற்கிறவனிடம், 'கோர்ட் ஆர்டர் இருக்கா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். சோபா நகராது.

இதே மாதிரிதான் வாடகையும். நகரத்தில் வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டதே என்று ஓனர் வாடகையை ஏற்றினால்? பெரும்பாலான வீடுகளுக்கு வாடகையை உறைய வைத்து அதே 1939-ல் சட்டம் போட்டிருந்தார்கள். குண்டு விழுந்து வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால்? இல்லாத வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. குத்தகையை விட்டுவிடுகிறேன் என்று முறைப்படி நோட்டீஸ் கொடுத்தால், விடுபட வழி உண்டு. வழி இருக்கிறது என்பது தெரிந்தால்தானே நோட்டீஸ் கொடுப்பார்கள்?

எல்லாமே சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால், சட்டப் புத்தகத்துக்கும் அந்த அம்மாவின் சமையலறைக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தின் மீது போட்ட பலகைதான் இந்த மேஜை.

1940-ல் நிஜமாகவே குண்டுகள் விழ ஆரம்பித்தபோது, மையங்கள் ஓடி ஒளியவில்லை. குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றை ஆபீஸாக மாற்றி, குண்டு விழுந்த இடங்களுக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். பதுங்கு இடங்களுக்குள்ளேயும் மேஜை போட்டார்கள். ரேஷன் கார்டு எரிந்துபோனதா? தம்பி யுத்தக் கைதியாகிவிட்டானா? அக்கா எந்த ஊருக்கு அனுப்பப்பட்டாள் என்று தெரியவில்லையா? வாங்க, உட்காருங்க! 200-ல் தொடங்கிய மையங்கள், 1942-ல் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

இப்போது, நம் இரண்டு க்யூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போமா?

கால்நடை டாக்டர் வாசல் க்யூவில் நின்றவருக்குக் கிடைத்தது ஒரு பதில். ஒரே பதில். தோட்டத்துடன் கூடிய வீடா, மூன்றாவது மாடியா, கிராமத்தில் மாமன் மச்சான் இருக்கிறார்களா, பகலில் வீட்டில் ஆள் உண்டா... எதையும் கேட்காமல் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த பதில். மேஜை முன்னால் உட்கார்ந்தவருக்கு முதலில் கிடைத்தது பதில் அல்ல, கேள்வி. 'உங்க நிலைமை என்ன?'

இரண்டாவது வித்தியாசம், தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லாதது. மாறிக்கொண்டே இருந்த சட்டங்களைச் சுருக்கித் தேசிய கவுன்சில் குறிப்புகளாக அனுப்பிக்கொண்டே இருந்தது. மேஜைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் பேசுவார். தன்னால் முடியாத கேஸா? ஏழைகளுக்குப் பீஸ் வாங்காமல் உதவும் வக்கீல்கள் இருந்தார்கள், அவர்களிடம் அனுப்புவார்.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதைச் சொல்வார். எந்த வழியில் போவது என்பதை எதிரில் இருப்பவரிடமே விட்டுவிடுவார். பயந்துபோன மனிதனுக்கு மற்றவர்கள் முடிவெடுத்துத் தருவது பெரிய உதவி மாதிரித் தெரியும். ஆனால், பயம் தெளிந்த பிறகு அந்த முடிவோடு வாழ வேண்டியவர் அவர்தானே?

பிராணிகள் கமிட்டியேகூட இந்தப் பாதைக்குத்தான் வந்து சேர்ந்தது! கொல்லச் சொல்லிப் பிரசுரம் போட்ட அதே 'நார்பேக்', பிறகு பிராணிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. கழுத்தில் நம்பர் போட்ட வில்லை. தொலைந்து போனால் வீட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிடலாம். அக்கம்பக்கத்துப் பிராணிகளைக் கவனித்துக்கொள்ள 'பிராணிக் காவலர்' என்று உள்ளூர்த் தொண்டர்கள். முதல் பிரசுரத்திலேயே 'உங்கள் தெருவில் யாரைக் கேட்கலாம்' என்று ஒரு வரி போட்டிருந்தால்... போகட்டும்.

அந்த மையங்கள் யுத்தத்தோடு மூடப்பட்டுவிடவில்லை. இலவசம், ரகசியம் காப்பது, பாரபட்சமில்லாமை, யாருக்கும் கட்டுப்படாமை என்ற நாலு கொள்கைகளுடன், தொண்டர்களை வைத்து, 80 வருடங்களைத் தாண்டியும் நடக்கின்றன. கடன் தொல்லைதான் அன்றைக்கும் இன்றைக்கும் அங்கே வந்து விழும் பெரிய கேள்விகளில் ஒன்று.

நம் ஊரிலும் அப்படி ஒரு மேஜை உண்டு. 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ், மாவட்டம்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. வக்கீல் இல்லாத சாதாரண மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்து, சட்டத் தன்னார்வலர்களாக ஊருக்குள் அனுப்பும் திட்டமும் 2009-ல் வந்தது. உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒரு நடை விசாரித்துப் பாருங்களேன்.

கடைசியாக, ஒரு நாயின் கதை.

1940. லண்டனின் பாப்லர் பகுதி. குண்டுவீச்சு முடிந்த இடிபாடுகளுக்கு நடுவே, எங்கிருந்தோ வந்த ஒரு கலப்பு இனத் தெருநாய் நின்றுகொண்டிருந்தது. அங்கே டியூட்டியில் இருந்த வார்டன் ஏதோ தின்னக் கொடுத்தார். தின்றுவிட்டுப் போய்விடும் என்று நினைத்தார். போகவில்லை. அவரோடேயே ஒட்டிக்கொண்டது. 'ரிப்' என்று பெயர் வைத்தார்கள். யாரும் பயிற்சி கொடுக்காமலேயே, இடிபாடுகளை மோப்பம் பிடித்து, அடியில் உயிரோடு புதைந்து கிடந்தவர்களைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது அது. ஒரே வருடத்தில் நூறு பேருக்கு மேல்! 1945-ல், வீரப் பிராணிகளுக்கென்றே மரியா டிக்கின் ஏற்படுத்திய பதக்கம் ரிப்புக்குக் கிடைத்தது. மறு வருடம் அது இறந்தபோது, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில், பி.டி.எஸ்.ஏ.வின் மயானத்தில் மரியாதையோடு புதைத்தார்கள்.

1939 செப்டம்பரில் கருணை என்று நம்பிக் கொல்லப்பட்ட பிராணிகளில் ஏராளமானவை மொத்தமாகப் புதைக்கப்பட்டதும் அதே இல்ஃபோர்டில், அதே பி.டி.எஸ்.ஏ.வின் நிலத்தில்தான்.

அவற்றில் எத்தனை ரிப் இருந்ததோ!